நான்கு மாதக் கடல்

மாமல்லபுரத்தில் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரப் பாறைகளின் அருகில் குனிந்தால் மூன்று வகைப் பாசிகளாவது கண்ணில் படும். அலை நேரே அறையும் விளிம்பில், குதிரைவால் மயிரைக் கற்றை கற்றையாக நட்டதுபோல் நிற்பது கீட்டோமார்பா ஆன்டெனினா. அதற்குச் சற்று மேலே, வெயிலும் தண்ணீரும் மாறிமாறிப் படும் இடத்தில், கீரை இலைபோல் மெல்லியதாகப் படர்ந்திருப்பது உல்வா. நிழலான இடுக்குகளில் கருஞ்சிவப்பாக வழுவழுவென்று தொங்குவது கிராட்டலூப்பியா. கோயிலையும் ரதங்களையும் பார்க்க வருகிறவர்கள் இவற்றைக் கவனிப்பது கால் வழுக்கும்போதுதான். தெற்கே மண்டபம், பாம்பன் பக்கம் கடற்பாசிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை, பக்கடாப்பாசி. அங்கே பாசி எடுப்பது மீனவப் பெண்களின் பிழைப்பு. பிழைப்பு இருக்கும் இடத்தில் பெயரும் பிறந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கரையிலோ அவை பெரும்பாலும் 'பாசி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. குளத்துப் படிக்கட்டில் படரும் வழுக்கலுக்கும் அதே சொல்தான். இந்தப் பாசிகளைச் சிறு கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் ஊற்றி வளர்க்கும் பழக்கம், வண்ணமீன் வளர்ப்பவர்களுள் ஒரு சிலரிடம் உலகெங்கும் இருக்கிறது. அதை இந்தக் கரையில் வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. பழக்கம் நல்லது என்பதே என் முடிவு. ஆனால் ஆண்டு முழுவதும் மாறாமல் நிற்கும் அலங்காரமாக அதை நடத்தும்போது அதன் குறைகளில் பெரும்பகுதி பிறக்கிறது. தை தொடங்கிச் சித்திரைவரை நான்கு மாதம் வைத்துக் கலைத்துவிடும் தொட்டியாக நடத்தினால், அந்தக் குறைகளில் பலவற்றுக்கு இடமே இருக்காது.

கடல்நீர்த் தொட்டி என்றதும் நமக்குத் தோன்றும் படம் பவளமும் கோமாளி மீனும்தான். இந்தியாவில் அந்தப் படத்தின் நடுவிலேயே ஒரு சட்டத் தடை நிற்கிறது. கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி, கடல்குதிரை ஆகியவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அட்டவணை அது. பவளம் ஒட்டிய 'உயிர்ப்பாறை'யைப் பெயர்த்து விற்பதும் வாங்கி வைப்பதும் இந்தத் தடைக்குள் வந்துவிடும். கடலில் பிடித்துக் கொண்டுவரும் மீன்கள் வழியிலும் கடையிலும் முதல் வாரத்திலும் எவ்வளவு சாகின்றன என்பதை வண்ணமீன் வியாபாரத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். பாசித் தொட்டி இந்த இரண்டு சுமையும் இல்லாதது. மீன் இன்றியே அது முழுமையாக இருக்கும். பவளம் தேவையில்லை, ஒரு கருங்கல் துண்டு போதும். மாமல்லபுரத்துப் பாசிகள் கருங்கல்லில் வாழ்பவைதாம். உயிர்களுக்குச் செய்யும் தீங்கைக் கொண்டு அளந்தால், கடலின் ஒரு துண்டை வீட்டுக்குள் வைத்திருக்கும் வழிகளில் இதுவே மிகக் குறைந்த குற்றமுள்ளது என்று தயங்காமல் சொல்லலாம்.

இது புதிய மோகமும் அல்ல. தொடக்கக் காலக் கடல்நீர்த் தொட்டிகளே பாசியை நம்பி நின்றவைதாம். 1850களில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன், பிலிப் ஹென்றி காஸ் போன்றவர்களிடம் மின்சாரப் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. உல்வா போன்ற பச்சைப் பாசியை வெளிச்சத்தில் வைத்தால் அது விடும் ஆக்சிஜனில் சிறு பிராணிகள் உயிர்வாழும் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. காஸ் 1854இல் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூல் அந்தச் சொல்லையே வீட்டுச் சொல்லாக்கியது. கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்காக உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் அவர் அதே ஆண்டில் வெளியிட்டார். நம் கரையில் தொட்டி மரபு மீனோடு தொடங்கியது. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன்காட்சிச் சாலை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்படும்வரை மக்களுக்கு மீனைத்தான் காட்டியது. பாசி அன்றும் பின்னணியாகவே இருந்திருக்க வேண்டும்.

பாசித் தொட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது வேதியியல் காரணம். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பவளத் தொட்டி வைத்திருப்பவர் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேராமலிருக்கப் பெரும்பாடு படுகிறார். பாசிக்கு அவையே சோறு. பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடித்திருப்பது வெறும் பற்றுறுப்பு. உடம்பு முழுவதுமே வாய். மிதக்கும் நுண்ணுயிர்களில் நைட்ரஜனும் பாஸ்பரசும் 16க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க, கடற்பாசிகளிலும் கடற்புற்களிலும் அது சுமார் 30க்கு 1 என்று 1983இல் அட்கின்சன், ஸ்மித் ஆகிய இருவரும் கணக்கிட்டார்கள். நைட்ரஜனை வாரி எடுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரச் செடி இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டியில் சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதிலிருந்து ஈரம் பிழிந்த கிராசிலேரியா என்ற பாசியை 100 கிராம் அறுத்து எடுத்தால், காய்ந்த எடை 10 கிராம், அதில் நைட்ரஜன் நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால், 0.3 கிராம் நைட்ரஜன் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. நைட்ரேட்டாக மாற்றிச் சொன்னால் லிட்டருக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம். தொட்டியின் பாதித் தண்ணீரை மாற்றினாலும் இவ்வளவு குறைவது கடினம். ஒரு கத்தரிக்கோல் விலையுயர்ந்த வடிகட்டியின் வேலையைச் செய்கிறது என்றால் அது மிகையில்லை.

ஆனால் இதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். 'தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சிறிய கடல்' என்று இந்தத் தொட்டியைப் புகழ்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. பாசி நைட்ரஜனை அழிப்பதில்லை, உடம்பில் சேமிக்கிறது. நாம் அறுத்து வெளியே எடுத்தால்தான் கணக்கு தீரும். எடுக்காமல் விட்ட பாசி செத்தால், மாதக்கணக்கில் சேர்த்த அனைத்தும் சில நாளில் தண்ணீருக்குத் திரும்பிவிடும். தொட்டி வளர்ப்பவர்கள் மிக விரும்பும் காலெர்ப்பா இதில் இன்னும் ஆபத்தானது. எத்தனை அடி படர்ந்தாலும் அது ஒரே உயிரணு. இனப்பெருக்க நேரம் வந்துவிட்டால் உடம்பின் உயிர்ச்சத்து முழுவதையும் விந்தும் முட்டையுமாக மாற்றித் தண்ணீரில் கொட்டிவிட்டு, வெள்ளைத் தோலாக மிஞ்சும். இரவு பச்சையாக இருந்த தொட்டி காலையில் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். இரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இருட்டில் அதையே உறிஞ்சுகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 32 டிகிரியில் 6 மில்லிகிராம்தான். அடர்த்தியாகப் பாசி வளர்ந்த தொட்டியில், கோடை இரவில் மின்சாரம் போய்ப் பம்பு நின்றால், அதனுள் வாழும் சிறு இறாலும் நத்தையும் மூச்சு முட்டிச் சாகும். ஆக, அந்தச் சமநிலை தானாக அமைவதில்லை. வெளிச்சத்தையும் பம்பையும் கத்தரிக்கோலையும் இயக்கும் ஒரு கை நாள்தோறும் தேவை.

சிறிய தொட்டி என்பதும் எளிமையின் பெயரால் நம்மை ஏமாற்றும். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக எல்லாம் மாறும். 60 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்று தொடங்குகிறோம். கோடையில், குளிர்ச்சிக்காக மேலே மின்விசிறி சுற்றும் தொட்டியில், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும் என்று கொள்வோம். வீட்டைப் பூட்டி நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் மிஞ்சும் 52 லிட்டரில் உப்பு 40 கிராமைத் தாண்டியிருக்கும். விசிறியால் தண்ணீரைக் குளிர்விக்கும் உத்தி வறண்ட காற்றுள்ள ஊரில் நன்றாக வேலை செய்யும். ஈரக் கடற்காற்று வீசும் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அதன் பலன் குறைவு. அக்கினி நட்சத்திர நாட்களில் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி நிற்கும்போது, மிஞ்சும் வழி சில்லர் என்னும் குளிர்விப்பான்தான். 30 வாட் விளக்கு பத்து மணி நேரமும் 10 வாட் பம்பு நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் அளவில் ஆகும். 150 வாட் சில்லர் தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அதற்கு மட்டும் 108 யூனிட். விளக்குக்கும் பம்புக்கும் சேர்த்து ஆவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், ஒரு பிடி பாசியை மே மாதத்தில் உயிரோடு வைப்பதற்காக. வெப்பம் பாசியை என்ன செய்யும் என்பதற்குத் தொட்டிவரை போக வேண்டாம். பாக் விரிகுடாவில் வணிகத்துக்காக வளர்த்த கப்பாஃபைகஸ், 2013க்குப் பின் வெப்பத்தாலும் நோயாலும் பெருமளவில் அழிந்து, விளைச்சல் சரிந்தது. திறந்த கடலிலேயே அப்படி என்றால் 60 லிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் வழக்கமான கையேடுகள் கூடுதல் கருவிகளைப் பரிந்துரைக்கும். நான் கேட்பது வேறொன்று: மே மாதத்தில் பாசியை ஏன் வைத்திருக்க வேண்டும்? மாமல்லைக் கரையே ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். பாலாறும் ஓடைகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். மீனவர்கள் வன்னி என்று சொல்லும், வடக்கிலிருந்து தெற்கே போகும் நீரோட்டம், வங்கக் கடலின் வடகோடிப் பேராறுகள் கலந்து உப்புக் குறைந்த நீரை இங்கே கொண்டுவரும். அந்த மாதங்களில் கரையோர நீரின் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்குவதுண்டு. மழை ஓய்ந்து தை பிறந்தால் கடல் தெளியும், உப்பு ஏறும், பாறைகள் பசுமை கட்டும். கோடை முற்றும்போது மேல்பாறைப் பாசி வெளுத்துக் கருகும். கடலே இப்படி ஏறி இறங்கும்போது, ஆண்டின் 365 நாளும் 25 டிகிரி, 35 கிராம் என்று ஒரே கோட்டில் தொட்டியை நிறுத்துவது இந்தக் கரையைப் பின்பற்றுவது ஆகாது. அது பவளத் திட்டுத் தொட்டியின் இலக்கணம். பவளம் நிலையான நீரைக் கேட்கும். இந்தப் பாசிகள் அப்படிக் கேட்பவை அல்ல. நான்கு மாதத் தொட்டி என்பது தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே என்று கேட்கலாம். மார்கழியில் அவரையும் பூசணியும் படரும் பந்தலை வைகாசியில் பிரித்துப் போடுவதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. தொட்டிக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். தை முதல் சித்திரைவரை வைத்தால் சில்லர் தேவையில்லை. பாசி கிழடுதட்டி மொத்தமாகச் சாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பங்குனி வெயிலுக்கு ஒரு சிறு விசிறி போதும். சித்திரைக் கடைசியில் கத்தரி தொடங்கும்போது தொட்டியைக் காலி செய்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்திலும் பருவம் உதவுகிறது. இன்று பெரும்பாலோர் செய்வது இது: நிலத்தடி நீரை ஆர்.ஓ. கருவியில் விட்டு உப்பெல்லாம் நீக்கி, அந்த வழியில் கிடைத்ததைப்போல் இரண்டு மூன்று பங்கு நீரைக் கழிவாக விட்டு, பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த உப்புத்தூளை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கலக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் தந்துவருகிறது; பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலையும் வந்துவிட்டது. உப்பை நீக்க இவ்வளவு மின்சாரம் செலவழிக்கும் கரையில், உப்பு நீக்கிய தண்ணீரில் மறுபடி உப்பைக் கரைப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல். சமையல் உப்பு போதாதா என்றால், போதாது. கேளம்பாக்கம் போன்ற உப்பளங்களில் பாத்தியில் முதலில் ஜிப்சம் படிந்து பிரிகிறது. பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் கடைசியில் வடிக்கப்படுகிறது. வீட்டுக்கு வருவது கடலின் ஒரு பகுதி மட்டுமே. அதில் கால்சியமும் மக்னீசியமும் போய்விட்டன. ஆகவே கடல்நீரே நல்லது. ஆனால் எங்கிருந்து, எப்போது எடுப்பது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கோவளம் முகத்துவாரத்தில் பக்கிங்காம் கால்வாயின் நீர் கலக்கிறது. மழைக்காலத்தில் அதனோடு வருவது என்ன என்பதைப் பழைய மாமல்லபுரம் சாலையோரம் குடியிருப்பவர்கள் அறிவார்கள். முகத்துவாரங்களை விட்டு விலகி, தை மாதத் தெளிவில் எடுத்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய கேனில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்தலாம். ஆவியாகும் நீருக்குப் பதிலாக மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். இதில் ஒரு குறை உண்டு: எண்ணெயோ இரசாயனமோ கலந்த நீரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஆபத்தை ஏற்காதவர்களுக்கு உப்புத்தூள்தான் வழி. நான்கு மாதத் தொட்டிக்கு அதுவும் குறைவாகவே செலவாகும்.

பாசியை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியில்தான் இந்தப் பழக்கத்தின் நேர்மை சோதிக்கப்படுகிறது. காஸின் நூலைப் படித்துவிட்டு இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பியது. சில பத்தாண்டுகளில் பாறைக்குழிகள் வெறுமையாயின. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் அந்த அழிவை எழுதியிருக்கிறார். தந்தை அறியாமல் தொடங்கிவைத்த வினை அது என்ற வேதனை அதில் இருக்கிறது. இங்கிலாந்தைச் சுற்றி எவ்வளவோ பாறைக் கரை உண்டு. நம்மிடம் கோவளத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம்வரை பெரும்பாலும் மணல். பாறை என்பது கோவளம், மாமல்லபுரம் போன்ற சில இடங்களில் சிறு துண்டுகளாக இருக்கிறது. அதோடு அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்கள். ஒரு பிடி எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவருக்கு இந்த அளவுதான் பதில். பாறையிலிருந்து சுரண்டும்போது பற்றுறுப்பும் பெயர்ந்து வருகிறது, அதில் ஒட்டிய சிறு நண்டும் நத்தையும் புழுவும் வருகின்றன, மறுபடி துளிர்க்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

இயற்கை இதற்கு ஒரு நல்ல மாற்றைத் தந்திருக்கிறது. கிராசிலேரியா, ஹிப்னியா, உல்வா போன்றவை துண்டிலிருந்தே வளரும். மண்டபத்தில் கயிற்றில் துண்டுகளைக் கட்டி வளர்க்கும் தொழில் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. அலை பிய்த்து அன்று காலை கரையில் ஒதுக்கிய, நிறம் மங்காத துண்டை எடுத்துப் பருத்தி நூலால் சிறு கல்லில் கட்டினால் பல வேளைகளில் பிழைத்துக்கொள்ளும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட புயலும் வாடைக்கடலும் பாறைகளிலிருந்து உரித்தெடுப்பதற்கு முன்னால் நம் தேவை சிறிது. கரை ஒதுங்கிய பாசியும் மணலில் வாழும் பூச்சிகளுக்கும் நண்டுகளுக்கும் உணவுதானே என்றால், ஆம்; அதனால்தான் ஒரு பிடிக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த வழியில் எல்லாம் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒதுங்கியதில் பாதி அழுகிப்போகும். சர்காசம் பற்றுறுப்பு அறுந்தபின் நெடுநாள் தாங்காது. கரையின் முகவரியாகவே நிற்கும் கீட்டோமார்பா ஆன்டெனினா, ஓயாத அலையடியில் வாழப் பிறந்தது. அதைத் தொட்டியில் வைத்தால் சோர்ந்து, தூசு படிந்து, வேறு நுண்பாசி மூடிச் சாகும். கரையில் மிக அழகானதைத் தொட்டியில் வைக்க முடியாது என்பது இந்தப் பழக்கத்தின் நிரந்தரக் குறை. அதற்கு மாற்றுவழி தேடாமல் இருப்பதே நல்லது.

கரையிலிருந்து எடுக்க வேண்டாம், கடையிலோ கூரியரிலோ வாங்கிக்கொள்ளலாமே என்ற யோசனை பொறுப்பானதாகத் தோன்றும். எல்லா யோசனைகளிலும் மிக ஆபத்தானது அதுதான் என்று நினைக்கிறேன். 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலடியில் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் காலெர்ப்பா டாக்சிஃபோலியா கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியக் காட்சித் தொட்டிகளில் வளர்த்த வகை அது. 2000வாக்கில் ஸ்பெயினிலிருந்து குரோவேஷியாவரை மத்தியதரைக் கடலில் அது பரவியிருந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அது தென்பட்டபோது, கரும்படுதா போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. 2001இலேயே ஒன்பது காலெர்ப்பா இனங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் அந்த மாநிலம் தடை செய்தது. காலெர்ப்பா நம் கடலிலும் உண்டே என்பார்கள். இனம் உண்டு, ஆனால் அங்கே பரவியது தொட்டிகளில் பல ஆண்டு வளர்ந்து குளிரையும் தாங்கிய தனி வகை. கடைப்பையில் வருவது எந்த வகை என்று விற்பவருக்கும் தெரியாது. நம் வீட்டுக் கதையும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து மண்டபத்தில் 1990களில் சோதனையாகத் தொடங்கி, 2000க்குப் பின் பெப்சிகோ நிறுவனத்தின் துணையோடு வளர்ந்ததால் மீனவர்கள் 'பெப்சிப் பாசி' என்று பெயரிட்ட கப்பாஃபைகஸ், குருசடைத் தீவில் உயிர்ப் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்தப் பாசி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதன் நன்மையைத் தட்டில் வைத்து நிறுக்க முடியும். வீட்டு அலங்காரத்துக்கு வந்த பாசியின் எதிர்த்தட்டில் வைக்க அப்படி எதுவும் இல்லை. மாமல்லைக் கரையிலிருந்து எடுத்த பாசி தவறிப்போய் வடிகாலில் விழுந்தாலும் அது ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கே போகிறது. அதனால்தான் 'இந்தக் கரைப் பாசி மட்டும்' என்ற நிபந்தனை எனக்கு முதன்மையானது.

இவ்வளவு நிபந்தனை வைத்து ஒரு தொட்டி வேண்டுமா, கரைக்கே போய்ப் பார்த்துவிடலாமே என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அதற்கு நேரான பதில், கரையில் பாசியைப் பார்க்க முடியும், அது வாழ்வதைப் பார்க்க முடியாது என்பதுதான். இங்கே கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடைப்பட்ட உயரம் ஒரு மீட்டர் அளவே. பாறை வெளியே தெரியும் நேரம் குறைவு. தெரியும்போதும் பாசி சுருண்டு படுத்திருக்கும். நீருக்குள் அது விரிந்து நிற்கும் கோலமும், வெளிச்சம் பட்டுச் சற்று நேரத்தில் விளிம்பெங்கும் ஆக்சிஜன் முத்துகள் அரும்புவதும், ஒரு துண்டு பத்து நாளில் நுனி கிளைப்பதும் கண்ணாடிக்குப் பின்னால்தான் தெரியும். இந்தியக் கடற்பாசி இனங்கள் 840க்கு மேல் என்று 2001இல் வெளிவந்த பட்டியல் சொல்கிறது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார். அவர் வழியில் வந்தவர்களால் சென்னை இத்துறையின் தலைநகரமாகவே இருந்தது. அந்த அறிவில் எதுவும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளையிடம் வந்து சேரவில்லை. வீட்டு வரவேற்பறையைவிட, கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ உள்ள ஒரு பள்ளியின் அறிவியல் அறைக்கு இந்தத் தொட்டி மிகவும் பொருந்தும். தை முதல் சித்திரை என்பது பள்ளி நாட்காட்டிக்கும் பெரும்பாலும் ஒத்துவருகிறது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், மூன்று பாசிகளுக்கு மூன்று பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்தால் அந்தத் தொட்டி தன் செலவை ஈடுகட்டிவிட்டது என்பேன்.

ஆண்டு முழுவதும் நிற்கும், வாங்கிய பாசியும் வாங்கிய உப்பும் சில்லரும் கொண்ட பாசித் தொட்டியை நான் ஆதரிக்க மாட்டேன். பவளத் தொட்டியைவிடக் குறைவான தீங்கு என்பது அதற்குப் போதுமான நியாயம் ஆகாது. ஒதுங்கிய பாசி ஒரு பிடி, இந்தக் கடலின் நீர், ஒரு விளக்கு, ஒரு பம்பு, ஒரு கத்தரிக்கோல், நான்கு மாதம் என்ற அளவில் இருந்தால் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வைக்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கலைக்கும் நாளில் பாசியையும் தண்ணீரையும் கடலிலோ கால்வாயிலோ விடாதீர்கள். அது உங்கள் வீட்டில் எதனோடெல்லாம் கலந்திருந்தது என்று கடலுக்குத் தெரியாது. தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே கழிவறை வழியாக ஊற்றுங்கள். பாசியை மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, தென்னை மரத்தடியில் புதைத்துவிடுங்கள்.